மணிக்கட்டில் நிறம் பார்த்தவர்

திருச்சி பெரிய கடை வீதியில் அப்போது ஒரு பெரிய கடை இருந்தது. துணி, பாத்திரம், பொம்மை, குடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதி. நுழைந்ததும் இடது கைப்பக்கம் கண்ணாடி கவுண்டர். முகப்பவுடர், ஸ்நோ, சாந்து, செண்ட் எல்லாம் அங்கேதான். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெண்களுக்கான சாமான்களை மட்டுமே விற்ற அவர், எந்தப் பெண் வாடிக்கைக்காரியிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார். நான் வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது.

ஒரு பெண் வந்து கவுண்டர் முன்னால் நின்றால் அவருடைய கண் அவள் தோளுக்கு மேலே போய்விடும்.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

இதை அவளிடம் கேட்பதாகவும் சொல்ல முடியாது. பொதுவாகக் கேட்டு வைப்பார். பின்னால் கணவனோ அப்பாவோ அண்ணனோ இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "வாங்க சார், வாங்க, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். பெண் நின்றுகொண்டிருப்பாள். அவள் எந்த டப்பா வேண்டும் என்று கேட்டாலும் பதில் அவள் காதைத் தாண்டி அந்த சாருக்குத்தான் போகும். "அது ஸ்டாக் இல்லைன்னு சொல்லுங்க சார்." சாரும் திரும்பி, அரை அடி தூரத்தில் நிற்கும் மனைவியிடம், "ஸ்டாக் இல்லையாம்" என்பார். நாலு வார்த்தையில் முடிய வேண்டிய வியாபாரம் நாற்பது வார்த்தையில் நடக்கும்.

ஆளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சட்டைக் காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, சுத்தமான நகம். கவுண்டரில் இருந்த எல்லா வாசனையும் அவர் மேல் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததால் மொத்தத்தில் எந்த வாசனை என்றே தெரியாது. முகத்தில் ரோஸ் பவுடர் பூசியிருப்பார். பத்து மணிக்குப் பூசியது பதினொரு மணிக்கு மூக்கோரம் திட்டுத் திட்டாக நிற்கும். பக்கத்திலேயே ஆளுயரக் கண்ணாடி இருந்தும் அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு உபதேசம்.

ஒரு தடவை இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாக வந்துவிட்டாள். ரோஸ் நிற பவுடர் கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஆண் வாடையே இல்லை. கடைசியில் குனிந்து அந்தக் கைக்குழந்தையைப் பார்த்து, "தம்பி, அம்மாகிட்ட சொல்லுங்க, ரோஸ் தீந்துபோச்சு, அடுத்த வாரம் வரும்னு" என்றார். ஆண் குழந்தைதான் என்பதை எப்படி உறுதி செய்துகொண்டாரோ! தம்பி விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனாள். நானே பக்கத்துத் துணிப் பகுதியில் நின்று கண்ணால் பார்த்தது இது.

இன்னொரு தடவை ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி வந்தாள். எங்கள் ஊர்க்காரி, முகம் தெரியும். மூட்டை தூக்கும் ஆள் ஒருவன் வேறு யாருடைய சாமானையோ இறக்கிவிட்டு அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நம்மவர் அவனைப் பிடித்துக்கொண்டார். "மாமிகிட்ட சொல்லுப்பா, சாந்துல செவப்பு மட்டுந்தான் இருக்கு." மாமிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இவன் யாருன்னே நேக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ!"

அவர் மூட்டைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்னாயிருக்கு! அந்த ரங்கநாதனே நேருக்கு நேரா நேக்கு சேவை சாதிக்கறான். உமக்கு என்னங்காணும் வந்துடுத்து?" என்று சொல்லிவிட்டு மாமி படியிறங்கிப் போனாள். கடையே சிரித்தது. அவர் அசையவில்லை. போனவளுடைய குறை என்ன என்றுகூட யோசிக்காமல், கவுண்டர் கண்ணாடியில் அவள் கை பட்ட இடத்தைத் துணியால் துடைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான்.

சரி, பேச மாட்டார், பார்க்க மாட்டார், தொட மாட்டார். அப்படியானால் எந்த முகத்துக்கு எந்த நிறப் பவுடர் என்று எப்படித் தீர்மானிப்பார்? அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். கூட வந்த ஆண்பிள்ளையின் கையை நீட்டச் சொல்வார். "வாட்ச்சைக் கொஞ்சம் கழட்டுங்க சார்." வாட்ச் கட்டியிருந்த இடத்தில், வெயிலே படாமல் வெளுத்துக் கிடக்கும் அந்த அரை அங்குலப் பட்டையில் பவுடரைத் தொட்டு வைத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மாவுக்கு இது எடுக்கும் சார்" என்று டப்பாவை மூடிவிடுவார். அம்மா பக்கத்தில் நிற்பாள், மாநிறமாகவோ கறுப்பாகவோ. மணிக்கட்டு மட்டும் ஆணுடையது.

அதனால் எங்கள் ஊரில் வாட்ச் கட்டியவர்களின் மனைவிமார் எல்லாரும் கணவன் மணிக்கட்டு நிறத்தில் நடமாடினார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எதிரே வரும் அம்மாளின் முகத்தைப் பார்த்தே, வீட்டுக்காரர் வாட்ச் கட்டுகிறவரா இல்லையா என்று சொல்லிவிடலாம். இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் விசித்திரம். "கடைக்காரரே பார்த்துக் குடுத்தாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கும் அவரே பார்த்துக் கொடுத்தார்.

பதினோரு வயதில் எனக்கு அம்மை வார்த்தது. உயிர் பிழைத்தேன். இடது கன்னத்தில் ஏழெட்டு வடு ஆழமாக நின்றுவிட்டது. "சமயபுரத்தா குடுத்த முத்துடி, குறைன்னு சொல்லாதே" என்று அம்மா சொல்வாள். நான் குறை என்று வாயால் சொல்லவில்லை. இடது கையால் மூடிக்கொண்டேன். யாராவது பேசினால் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். கல்லூரிக் குழுப் படங்கள் எல்லாவற்றிலும் பல்வலிக்காரி மாதிரி நிற்கிறேன். படித்து முடித்து, டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது ஒரு கவலைதான் என்னைத் தின்றது. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் சாக்பீஸ். கன்னத்தை மறைக்க மூன்றாவது கை இல்லை.

ஈரப் பஞ்சால் தொட்டுத் தடவும் கட்டிப் பவுடர் ஒன்று இருக்கிறது, பள்ளம் தெரியாமல் மூடிவிடும் என்று கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அப்பாவிடம் கேட்டேன். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீடு. நல்ல சிவப்பு அவர். நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவள், நல்ல கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனோம்.

கடைசித் தட்டில் பழுப்பாக ஒரு டப்பா இருந்தது. தூசி படிந்திருந்தது. அதுதான் எனக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது. "அதைக் காட்டச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"அது வேணாம்னு சொல்லுங்க சார். நம்ம பொண்ணுங்க யாரு பழுப்புப் போடறாங்க? வாட்ச்சைக் கழட்டுங்க, பாப்போம்."

அப்பா வாட்ச்சைக் கழட்டினார். அந்தப் பட்டை தோலுரித்த வாழைத்தண்டு மாதிரி இருந்தது. இருக்கிறதிலேயே வெளிறிய டப்பாவை எடுத்துக் கொடுத்தார் அந்த மகானுபாவர். "என் கையில பாக்கட்டுமே" என்று நான் சொன்னது கிணற்றில் போட்ட கல். அவர் அப்பாவிடம் ரகசியம் போலச் சொன்னது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. "பொம்பளைங்க கையைத் தொட்டு வியாபாரம் பண்றவன் நான் இல்ல சார். முகத்தை நிமிந்துகூடப் பாக்க மாட்டேன்." அப்பா மெச்சித் தலையாட்டினார். முகத்தைப் பார்க்காமல் முகத்துக்குப் பவுடர் விற்பவரை மெச்ச ஆளும் இருந்தது.

அம்மாவுக்குப் பரம திருப்தி. "எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு!" எனக்கும் வடு தெரியவில்லை என்பதே போதுமாக இருந்தது. திங்கட்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கையையும் கீழே விட்டுக்கொண்டு ஒரு அறைக்குள் நுழைந்தேன். நாற்பது பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்தார்கள். முன் பெஞ்சில் ஒரு வாண்டு, உண்மையான அக்கறையோடு எழுந்து சொன்னது.

"டீச்சர், கழுத்துக்குப் போட மறந்துட்டீங்க."

சிரிப்பு அடங்க அந்தப் பீரியடே போதவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. வியர்க்க வியர்க்க முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு இறங்கியது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்கு நாள் இதே கதை. முகத்தைக் கழுவிவிட்டு வெறுமனே போய்ப் பார்த்தேன். கை கன்னத்தை விட்டு இறங்க மறுத்தது. குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. அதுவும் சரிப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை.

"அடுத்த புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். உங்க வகுப்புக்குத்தான் முதல்ல வருவாங்க. அன்னைக்கும் பிள்ளைங்க சிரிச்சாங்கன்னா உங்களை நான் வச்சுக்க முடியாது டீச்சர். வருத்தப்படாதீங்க, முன்னாடியே சொல்லிடறேன்."

வருத்தப்படவில்லை. எரிந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் மேல் இல்லை, சிரித்த பிள்ளைகள் மேலும் இல்லை. பெரிய கடை வீதியில் ஒருவர், என் முகத்தைப் பார்ப்பது பாவம் என்று என் அப்பா மணிக்கட்டைப் பார்த்தாரே, அவர் மேல். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சனிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டேன். "நான் சம்பாதிக்கிறவள்", "முதலாளியைக் கூப்பிடுங்கள்" என்றெல்லாம். கடைப் படி ஏறியதும் எல்லாம் மறந்துபோய்க் கை கன்னத்துக்குப் போய்விட்டது.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

"யாரும் வரல. நான்தான் வாங்கணும்."

அவர் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தக் கடைசித் தட்டுல இருக்கிற பழுப்பு டப்பாவைக் காட்டுங்க."

துடைத்துக்கொண்டேயிருந்தார். என் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர் நின்றிருந்தார். வேட்டி, தோளில் துண்டு, ஐம்பது வயதிருக்கும். உப்பிலியபுரத்துப் பக்கம் விவசாயம் என்றும், மகளுக்கு வளைகாப்பு, ரோசாப்பூப் படம் போட்ட பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னாள் என்றும், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். நம்மவருக்கு ஆள் அகப்பட்டுவிட்டது.

"பெரியவரே, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, அது விக்கிற சரக்கு இல்ல. தப்பா வந்து தங்கிப்போச்சு. போட்டா முகம் எடுக்காது."

பெரியவர் மரியாதையாக என் பக்கம் திரும்பினார். "எடுக்காதாம்மா."

"போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

பெரியவர் அந்தப் பக்கம் திரும்பினார். "போட்டுப் பாத்தாத்தான் தெரியுமாமுங்க."

"ஆம்பளைங்க யாராச்சும் கூட வந்திருந்தா போட்டுக் காட்டலாம்."

பெரியவர் தன்னைத்தானே ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் ஆம்பளைதானுங்களே?"

அப்போதுதான் கண்ணாடி மேல் இருந்த அவர் கையைக் கவனித்தேன். உழுது, வெயிலில் காய்ந்து, முழங்கை முதல் விரல் வரை ஒரே நிறம். என் நிறம். அதில் வாட்ச்சும் இல்லை, வாட்ச் கட்டிய தடமும் இல்லை.

"இவர் என்கூட வந்தவர்தான். இவர் கையில போட்டுக் காட்டுங்க" என்றேன். என் குரல் துணிப் பகுதி வரை கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவருக்கு விளையாட்டுப் புரிந்துவிட்டது. "ஆமாங்க, கூடத்தான் நிக்கிறேன். போடுங்க" என்று கையை நீட்டிவிட்டார்.

நம்மவரால் என்ன செய்ய முடியும்? ஆணின் கை. அவரே போட்ட சட்டம். டப்பாவை எடுத்து, தூசியைத் தட்டி, பஞ்சை நனைத்துத் தொட்டு, அந்தக் கையில் தடவினார். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல இருந்தது. பெரியவர் கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, போட்ட எடமே தெரியல! தெரியாம இருக்கறதுக்கு எதுக்குங்க ஒரு டப்பா?"

"அதுதான் எனக்கு வேணும்."

"அதுதான் வேணுமாமுங்க" என்றார் பெரியவர், கொஞ்சம் குழப்பத்தோடு. அப்போதும் அந்த மனிதர் பொட்டலத்தை என்னிடம் கொடுக்கவில்லை. பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் என்னிடம் கொடுத்தார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும் என்று வாழ்த்திவிட்டு வந்தேன். எனக்குக் காரியம் ஆன இடம் அந்த உழவரின் கைதான்.

புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. இரண்டு கையும் இரண்டு வேலையைப் பார்த்தன. பிள்ளைகள் என் முகத்தில் சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் வேறு வழியில்லாமல் கணக்கைப் போட்டார்கள். கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த வாண்டு கை தூக்கிச் சரியான விடை சொன்னது. வேலை நின்றது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. டப்பா தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அந்தக் கவுண்டருக்குத் தனியாகப் போவேன். நிமிர்ந்து நிற்பேன். தபால்காரர், போலீஸ்காரர், பக்கத்து ஓட்டல் சமையல்காரர் என்று கண்ணில் படும் ஆணையெல்லாம் "இவர் என்கூட வந்தவர்" என்பேன். பள்ளியில் மற்ற டீச்சர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் ஐந்து பேர் போய் ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கூட்டிக்கொண்டு நின்ற நாளில் நம்மவர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை. பழுப்பு டப்பா கடைசித் தட்டிலிருந்து நடுத் தட்டுக்கு ஏறியது. அவர் என்னைக் கண்டாலே காலண்டரைப் பார்ப்பார். எனக்கு அது வெல்லமாக இருந்தது. ஒரு மனிதரை இவ்வளவு இளப்பமாக நினைத்துக்கொண்டே அவரைப் பார்க்க இவ்வளவு ஆசையாகப் போனது இன்று யோசித்தால் எனக்கே நன்றாக இல்லை.

அறுபதுகளில் முதலாளி மகன் பொறுப்புக்கு வந்தான். பவுடர் கவுண்டருக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தான். அந்தப் பெண் முதல் நாளே என் கையைப் பிடித்துத் திருப்பி, "உங்களுக்கு இது சரியா இருக்கும் டீச்சர்" என்று ஒரே நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டாள். நம்மவரைக் குடைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். தேவையே இல்லாமல் அங்கே போய் ஒரு குடையைப் பற்றி விசாரித்தேன். அவர் அந்தக் குடையிடம், "இது பொம்பளைங்க குடை இல்ல" என்றார். திருந்தாத ஜன்மம் என்று சந்தோஷமாக வீடு வந்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது எங்கள் பள்ளியில்.

அப்போது நான் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு, அந்த நாற்காலியில் நான். கதவருகே பியூன் நின்றிருந்தார். உள்ளே வந்தவர் இவர்! பின்னால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மூன்றாவது பெஞ்சில் உட்காருபவள், வாய் திறக்க மாட்டாள், ஆனால் அல்ஜீப்ராவில் அவள் நோட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திருத்திக்கொள்வார்கள். இவருடைய மகள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் ரோஸ் பவுடர், கழுத்து வேறு நிறம். பெற்ற மகளுக்கும் மணிக்கட்டில்தான் பார்த்திருக்கிறார்.

என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. கண் என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்துக்குப் போனது. பியூனைப் பார்த்து, "டீச்சர்கிட்ட சொல்லுங்க, டி.சி. வேணும்னு" என்றார்.

என் நாற்காலி, என் அறை. விடுவேனா?

"நீங்க போய் மணி அடிங்க" என்று பியூனை அனுப்பினேன். இப்போது அறையில் மூன்றே பேர். அவர் தவித்தார். கடைசியில் மகளைப் பார்த்து, "டீச்சர்கிட்ட சொல்லும்மா" என்றார்.

"டி.சி. வேணுமாம் டீச்சர்."

"எதுக்குன்னு உங்கப்பாவைக் கேளு."

"எதுக்குன்னு கேக்கறாங்கப்பா."

"கல்யாணம்னு சொல்லு."

"கல்யாணமாம் டீச்சர்."

இப்படிக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு வரும் அப்பாக்களை எங்களுக்குப் பழக்கம் உண்டு. "பரீட்சை முடியட்டுமே, இன்னும் ஒரு வருஷந்தானே" என்று பேசிப் பேசி நாலைந்து பெண்களை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதில் ஒருத்தி இன்று டாக்டர். டி.சி. கொடுக்காமல் இழுத்தடிக்க நூறு வழி தெரியும் எனக்கு. அன்று ஒரு வழிகூட நினைவுக்கு வரவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. பத்து வருஷமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாத மனிதரைப் பேச வைக்க வேண்டும்.

"யாருக்குக் கல்யாணம்னு கேளு."

"யாருக்குன்னு கேக்கறாங்கப்பா."

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளாகவே மெல்லச் சொன்னாள்.

"எனக்குத்தான் டீச்சர்."

சொல்லிவிட்டு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உன்னைக் கேக்கல" என்றேன். "உங்கப்பாவைச் சொல்லச் சொல்லு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அவர் மெதுவாகக் கண்ணை இறக்கினார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார், வடு, பவுடர் எல்லாவற்றையும்.

"என் பொண்ணுக்குத்தாங்க டீச்சர்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். எத்தனை வருஷத்து ஆசை! அந்தச் சந்தோஷத்தில் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நேராக அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். வாசலில் ஒரு வினாடி நின்று திரும்பி, "வரேன் டீச்சர்" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் டீச்சர்கள் அறையில் இதை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு அல்ஜீப்ராக் கணக்குப் போட்டேன். பிள்ளைகள் பழக்கத்தில் மூன்றாவது பெஞ்சை எட்டிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஏதோ சொல்ல வந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்தான் அவளைக் கேட்கவில்லையே.